அடியாத மாடும் அடிபட்ட பிள்ளையும்

"அடியாத மாடு படியாது" என்னும் பழமொழி இன்று மாட்டைக் குறித்துச் சொல்லப்படுவது அரிது. ஏர் மாடுகள் அருகி, டிராக்டர்கள் வயலுக்கு வந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் பழமொழி மட்டும் ஓய்வு பெறவில்லை. பள்ளியிலிருந்து புகார் வந்த நாளில், மதிப்பெண் குறைந்த நாளில், மகன் எதிர்த்துப் பேசிய நாளில், தந்தையர் அதைச் சொல்லிக்கொண்டே கையை ஓங்குகின்றனர். மாட்டுக்குச் சொன்னது பிள்ளைக்கு ஆயிற்று. விலங்கின்மேல் விழும் அடிக்கும் பிள்ளையின்மேல் விழும் அடிக்கும் உறவு உண்டா என்பதைச் சமூகவியலாரும் உளவியலாரும் அறுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாய்வுகளை ஒரு பங்குப் பணியாளனின் நோக்கில் மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியிலுள்ள பங்கு ஒன்றில் நாம் பணியாற்றிய காலம். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், கோயில் மணிக்கூண்டின் அடியில் ஈன்றிருந்த தெருநாயின் குட்டி ஒன்றைக் கிரிக்கெட் மட்டையால் அடித்து அதன் காலை ஒடித்துவிட்டான். பார்த்த பெண்கள் இருவர் அவனை இழுத்துவந்து நம்முன் நிறுத்தினர். "ஏன் தம்பி அடிச்ச?" என்று கேட்டோம். அவன் வாய் திறக்கவில்லை. அவன் தந்தைக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்தார், எதையும் கேட்கவில்லை, வேலியோரம் கிடந்த சவுக்குக் கழி ஒன்றை எடுத்தார். "சாமி முன்னால என் மானத்த வாங்கிட்டியேடா" என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னார். நான்காவது அடி விழுந்த பிறகுதான் "போதும், விடுங்க" என்று சொல்ல நமக்கு வாய் வந்தது.

மறுநாள் எங்கள் உபதேசியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: அந்த வீட்டில் அடி புதிதன்று, பையனின் தாய் இரண்டு ஞாயிறுகளாகத் திருப்பலிக்கு வராததற்குக் காரணம் காய்ச்சல் அன்று, முகத்து வீக்கம். இவற்றுள் எதுவும் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதன்று. பலர் பார்க்க முற்றத்தில் நடந்ததும் ஊரறிந்து பேசியதுமே ஆகும். ஆதலின் ஊரும் பேரும் மறைத்து எழுதத் துணிந்தோம்.

ஓணானும் கல்லும்

நம் ஊர்களில் ஆண்பிள்ளையாக வளர்ந்தவருள் முதற்கல்லை எறியத் தகுதி உடையவர் ஒருவரும் இலர். ஓணானைக் கண்டால் கல் எடுக்காத சிறுவர் உண்டோ? தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு அதைப் பிடிப்பதும், அதன் வாயில் மூக்குப்பொடியைத் திணித்துத் தலைசுற்றி ஆடுவதைக் கண்டு கைதட்டுவதும், தட்டானின் வாலில் நூல் கட்டிச் சிறு கல்லைத் தூக்க வைப்பதும், பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் அடைப்பதும் நம் இளமையின் விளையாட்டுகளாகவே இருந்தன. இராமனுக்கு அணில் உதவியது, ஓணான் இழிவு செய்தது என்றொரு கதையும் இதற்குத் துணை நிற்கும். அணிலுக்குத் தடவிக் கொடுத்த கையே ஓணானுக்குக் கல்லெடுக்கும். இரக்கத்தையும் பகையையும் இவ்வாறு பங்கிட்டுக் கொடுத்தவர்கள் சிறுவர்கள் அல்லர், பெரியவர்களே.

அவ்வாறு விளையாடியவருள் மிகப் பலர் பின்னாளில் நல்ல தந்தையராகவும் நல்ல ஆசிரியராகவும், ஏன், குருக்களாகவும் ஆகியிருக்கின்றனர். எனவே சிறுவன் கையிலுள்ள ஒவ்வொரு கல்லையும் பேராபத்தின் அறிகுறியாகக் கொள்வது அறிவுடைமை ஆகாது. ஆனால் அந்நாய்க்குட்டி அடிபட்டபோது கைதட்டியவர் எவரும் இல்லை. உடன் விளையாடியவர் எவரும் இல்லை. தனியே நின்று, சிரிக்காமல் அடித்திருக்கிறான். இவ்வேறுபாட்டை நாம் அன்று கவனிக்கத் தவறினோம்.

ஆய்வுகள் கண்டது

விலங்கை வதைக்கும் சிறுவன் வளர்ந்து மனிதனைக் கொல்வான் என்னும் எண்ணம் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. புனித தோமா அக்குவினார் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே, விலங்குகளிடம் கொடுமை காட்டுவதை மறைநூல் விலக்குவதற்குக் காரணம் கூறுகையில், அக்கொடுமை மனிதர்மீது திரும்பிவிடாதபடி காப்பதற்கே என்றார். 1751-இல் இலண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த்து 'கொடுமையின் நான்கு நிலைகள்' என்னும் படங்களை அச்சிட்டார். முதற்படத்தில் டாம் நீரோ என்னும் சிறுவன் நாயை வதைக்கிறான். இரண்டாவதில் வளர்ந்து வண்டிக்குதிரையை அடிக்கிறான். மூன்றாவதில் ஒரு பெண்ணைக் கொன்று பிடிபடுகிறான். நான்காவதில் தூக்கிலிடப்பட்ட அவன் உடல் மருத்துவர்களால் அறுக்கப்படுகிறது. அந்தச் சிறுவனின் சட்டையில் ஒரு சின்னம் இருக்கிறது. அது அவன் பங்கின் தருமத்தில் வளரும் ஏழைப்பிள்ளை என்பதைக் காட்டும் அடையாளம். பங்குக் குருக்களாகிய எம்மை இது உறுத்த வேண்டும்.

1963-இல் ஜான் மெக்டொனால்டு என்னும் மனநல மருத்துவர், கொலை மிரட்டல் விடுத்த நோயாளிகளை ஆராய்ந்து, இளமையில் விலங்கை வதைத்தலைப் பிற்கால வன்முறையின் அறிகுறிகளுள் ஒன்றாகக் குறித்தார். அதன்பின் சிறைக்கைதிகளிடம் நடந்த ஆய்வுகள் பல அவ்வழியிலேயே சென்றன. கொலைகாரனின் இளமையைத் தோண்டினால் அங்கே ஒரு நாயோ பூனையோ கிடக்கும் என்ற எண்ணம் பரவிற்று.

இத்துறையின் நோக்கைக் குற்றவாளியிடமிருந்து குடும்பத்தின்பால் திருப்பிய இரண்டு ஆய்வுகள் எம் கருத்தைக் கவர்ந்தன. முதலாவது, அமெரிக்கச் சமூகவியலார் கிளிஃப்டன் ஃபிளின் 1999-இல் வெளியிட்டது. அவர் சிறைக்குச் செல்லவில்லை. தம் நாட்டின் தென்கிழக்கில் பல்கலைக்கழகம் ஒன்றில் பயின்ற 267 சாதாரண மாணவ மாணவியரைக் கேட்டார். ஆண்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவரும் பெண்களுள் பத்தில் ஒருவரும் இளமையில் விலங்கை வதைத்ததாக ஒப்புக்கொண்டனர். தந்தையிடம் மிகுதியாக அடிபட்ட ஆண்பிள்ளைகளே மிகுதியாக வதைத்திருந்தனர். வாலிபப் பருவத்திலும் தந்தையிடம் அடிவாங்கியவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அவ்வாறு செய்திருந்தனர். தாயிடம் அடிபட்ட மகன்களிடத்திலோ, யாரிடம் அடிபட்டிருந்தாலும் மகள்களிடத்திலோ இத்தொடர்பு காணப்படவில்லை.

இரண்டாவது, ஃபிராங்க் அசியோனே 1998-இல் வெளியிட்டது. கணவனின் கொடுமைக்கு அஞ்சி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் புகலிடம் ஒன்றை அடைந்த 38 பெண்களை அவர் கேட்டார். வளர்ப்பு விலங்கு வைத்திருந்தவர்களுள் நூற்றுக்கு 71 பேர், தம் கணவரோ துணைவரோ அவ்விலங்கை அச்சுறுத்தியதாகவோ துன்புறுத்தியதாகவோ கூறினர். பிள்ளைகள் உள்ளவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவர், தம் பிள்ளையும் விலங்கைத் துன்புறுத்தியதைச் சொன்னார். கணவன் மனைவியை அடிக்கும் வீட்டில் நாயும் அடிபடுகிறது. அதைப் பார்க்கும் பிள்ளையும் நாயை அடிக்கிறது. எம் பங்கின் முற்றத்தில் கண்டதும் உபதேசியார் சொன்னதும் இதுவே அன்றோ!

ஆய்வுகளின் குறை

இவ்வளவும் போற்றத்தக்கன. ஆயினும் இவ்வாய்வுகளை அப்படியே ஏற்பதற்குத் தடைகள் சில உள்ளன.

முதல் தடை காலவரிசை. ஆர்னல்டு ஆர்லூக்கும் அவர் குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், விலங்கு வதைக்காக வழக்குக்கு உள்ளான 153 பேரை அவர்தம் அண்டை வீட்டார் 153 பேரோடு ஒப்பிட்டனர். வதைத்தவர்கள் மற்றவரைவிட ஐந்து மடங்குக்கு மேல் மனிதர்மீதான வன்குற்றங்களிலும் ஈடுபட்டிருந்தனர். ஆனால் விலங்கில் தொடங்கி மனிதனில் முடிந்தது என்னும் படிவரிசை மெய்ப்படவில்லை. விலங்கு வதை முன்னும் நிகழ்ந்திருந்தது, பின்னும் நிகழ்ந்திருந்தது. ஹோகார்த்து வரைந்த நான்கு படிகளை வாழ்க்கை அவ்வரிசையில் ஏறுவதில்லை. பியர்ஸ் பேர்ன் என்னும் குற்றவியலாரும் 2004-இல் இப்படிவரிசைக் கொள்கையை விரிவாக ஆராய்ந்து அதன் சான்றுகள் போதா என்று காட்டினார். ஆதலின் நாயை அடித்த சிறுவனை 'நாளைய கொலைகாரன்' என்று அழைப்பது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது. அவ்வாறு அழைக்கப்பட்ட பிள்ளை அந்தப் பெயருக்குள்ளேயே வளர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவது தடை இடம் பற்றியது. அமெரிக்க வினாத்தாள் வீட்டுக்குள் வளரும் செல்லப்பிராணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நம் ஊரில் நாய் தெருவுக்கு உரியது. ஆடு விற்பனைக்கு உரியது. கோழி விருந்தினருக்கு உரியது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு குத்துவதும் காயடிப்பதும் லாடம் அடிப்பதும் வீட்டு வேலைகள். இவற்றையெல்லாம் அருகிலிருந்து பார்த்து, சில வேளை கயிற்றைப் பிடித்தும் வளரும் சிறுவனிடம் "நீ விலங்கைத் துன்புறுத்தியது உண்டா?" என்று கேட்டால் அவன் என்ன விடை சொல்வான்? பண்ருட்டிப் பக்கத்து உழவர் மகனுக்கும் பரங்கிப்பேட்டைக் கடற்கரைச் சிறுவனுக்கும் ஏற்ற கேள்விகளை இம்மண்ணிலிருந்தே எடுக்கவேண்டும். இப்பகுதியின் கல்லூரிகளிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயிலும் நம் இளைஞர் சிலரேனும் இப்பணியை மேற்கொள்வாராயின் அது பெருந்தொண்டாகும்.

இந்தியக் குழந்தைகளின் நிலைபற்றி நடுவண் அரசு 2007-இல் வெளியிட்ட பேராய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்தது. மூவரில் இருவர் உடல்வகையில் கொடுமைக்கு உள்ளாகியிருந்தனர். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெற்றோராலேயே அடிபட்டிருந்தனர். அந்த 13 மாநிலங்களுள் தமிழ்நாடு இல்லை. அதனால் நம் வீடுகள் தப்பிவிட்டன என்று மகிழ இடமில்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கின்றனர். அப்பெண்களின் பிள்ளைகள் அவ்வேளையில் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள்?

மூன்றாவது தடையே பெரியது. இவ்வாய்வுகள் பலவற்றில் விலங்கு ஒரு வெப்பமானியாக மட்டுமே வருகிறது. வீட்டின் காய்ச்சலை அளந்து சொன்னதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது. அக்குவினாரின் காரணமும் அவ்வாறே மனிதனைக் காக்க விலங்கைக் காப்பதாக நின்றுவிடுகிறது. காலொடிந்த குட்டிக்கு வலித்தது என்பதைச் சொல்ல எந்த அட்டவணையிலும் இடமில்லை.

கடலூர் தந்த எழுத்தாளர்

ஆய்வாளர் தவறவிட்டதை நம் மாவட்டத்துப் பிள்ளை ஒருவர் கதையில் கண்டுகொண்டார். 1934-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டு வீட்டைவிட்டு வெளியேறியவர் ஜெயகாந்தன். 'உன்னைப்போல் ஒருவன்' என்னும் நாவலை எழுதி, 1965-இல் அதைத் தாமே திரைப்படமாகவும் எடுத்தார். சேரியில் கட்டட வேலை செய்து பிழைக்கும் தங்கம் என்னும் தாய்; தந்தையை அறியாத அவள் மகன் சிட்டி; அவளிடம் அன்பு கொள்ளும் சோதிடக்காரன் மாணிக்கம். மாணிக்கத்தைச் சிட்டி வெறுக்கிறான். தாய்க்கும் மகனுக்கும் நடுவே நிற்க விரும்பாமல் மாணிக்கம் விலகிப் போகிறான். தங்கம் இன்னொரு பிள்ளையைப் பெற்று இறந்துவிடுகிறாள். தான் வெறுத்த உறவில் பிறந்த அக்குழந்தையைச் சிட்டியே ஏற்றுக்கொள்கிறான்.

ஆய்வாளரின் வினாத்தாளில் சிட்டி ஆபத்தான பிள்ளை. தந்தை இல்லை, வறுமை உண்டு, உள்ளம் நிறைய சினம் உண்டு. கட்டங்கள் எல்லாம் நிரம்பிவிடும். ஆனால் கதாசிரியர் அவன் சினத்தைக் கண்டு அஞ்சவில்லை. அதை மன்னிக்கும்படி நம்மிடம் கெஞ்சவும் இல்லை. தன்னைவிட எளிய ஓர் உயிர் கைக்கு வந்தபோது அவன் என்ன செய்கிறான் என்று பொறுமையோடு பார்க்கிறார். அடிபட்டவன் அடிப்பான் என்பது பாதி உண்மை. நம்பிக் கையில் கொடுக்கப்பட்ட உயிரை அவனே காக்கவும் கூடும் என்பது மறுபாதி. இம்மறுபாதியை எழுதியதனால்தான் அக்கதை இன்றும் நிற்கிறது.

ஹோகார்த்தின் முதற்படத்திலும் இம்மறுபாதி ஓர் ஓரத்தில் இருக்கிறது. நாயை விட்டுவிடுமாறு டாம் நீரோவைக் கெஞ்சி, அதற்கு ஈடாகத் தன் தின்பண்டத்தை நீட்டும் சிறுவன் ஒருவன் அங்கே நிற்கிறான். கொடியவனைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் எழுதப்பட்டன. அந்தச் சிறுவன் யாருடைய வீட்டில், எப்படி வளர்ந்தான் என்று ஆராயத் துணிந்தவர் மிகச் சிலரே.

வள்ளலார் சொன்ன கண்நோய்

உணவைக் கொடுத்து உயிரைக் காத்தல் என்றதும் கடலூர் மாவட்டத்தவர் நினைவு வடலூருக்குச் செல்வது இயல்பு. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகள், கைக்குழந்தையாய் இருக்கும்போதே தந்தையை இழந்தவர். தமையனார் வீட்டில் வளர்ந்தவர். படிப்பில் நாட்டமின்றித் திரிந்தமையால் தமையனார் சினந்து வீட்டில் சேர்க்காதிருந்த நாளில், அண்ணியார் மறைவாக அழைத்துச் சோறிட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஒரே வீட்டில் ஒரு கை தள்ளிற்று. மற்றொரு கை ஊட்டிற்று. 1867-இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றளவும் அணையவில்லை. அதில் எரிவது அண்ணியார் மூட்டிய தீயும் ஆகலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

அடிகளின் 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலில், பிற உயிர் துன்புறுவதைக் கண்டும் சிலர் மனம் உருகாமல் இருப்பது ஏன் என்னும் வினா எழுகிறது. அவர்களை அவர் பேய்கள் என்று பழிக்கவில்லை. அவர்தம் ஆன்ம அறிவாகிய கண், நோயால் ஒளி மழுங்கிவிட்டது என்கிறார். அதற்குத் துணையாக அணிந்த மனம் முதலிய கண்ணாடிகளும் தெளிவற்றுப் போயின என்கிறார். உயிர்களெல்லாம் ஒரே இறைவனால் ஆக்கப்பட்ட உறவினர். உறவினரின் துன்பம் கண்டு உருகாமை கண்ணின் குறையே என்பது அவர் துணிபு.

இக்கருத்து சமூகவியலாரின் முடிவுக்கு ஆழம் தருகிறது. தந்தையின் அடி மகனின் கையில் மட்டும் தங்குவதன்று, கண்ணிலும் படர்கிறது. வலிக்கிறது என்று தான் அழுதபோது கேட்பார் இல்லாத பிள்ளைக்கு, பிறிதோர் உயிரின் வலி தெரிவது மெல்ல மெல்ல நின்றுவிடுகிறது. கண்நோயாளிக்கு அடி மருந்தாகுமா?

இதில் ஏழை வீட்டையும் படியாத வீட்டையும் மட்டும் சுட்டிக்காட்டித் தப்பவும் இயலாது. 2016-இல் சென்னையில் நாயொன்றை மாடியிலிருந்து வீசியெறிந்தவரும் அதைப் படம் பிடித்தவரும் மருத்துவ மாணவர்கள். அவர்கள் வீட்டைப் பற்றி ஊகித்துப் பேச எவருக்கும் உரிமையில்லை; உயர்கல்வி ஒன்றே கண்ணைத் தெளிவிக்காது என்பதற்கு அச்செய்தி போதும்.

பிலயாமின் கோல்

பிள்ளைகளை அடிக்கும் நம்மவர் நீதிமொழிகள் நூலில் வரும் பிரம்பைத் தவறாமல் எடுத்துக்காட்டுவர். எண்ணிக்கை நூலில் வரும் கோலை எடுத்துக்காட்டுவோர் இலர். பிலயாம் தன் கழுதையின்மேல் ஏறிப் போகிறான். ஆண்டவரின் தூதர் வாளோடு வழிமறித்து நிற்பதைக் கழுதை காண்கிறது, இறைவாக்குரைப்பவன் காணவில்லை. அது விலகுகிறது, ஒதுங்குகிறது, படுத்துவிடுகிறது. அவனோ மும்முறையும் கோலால் அடிக்கிறான். ஏன் அடித்தாய் என்று கழுதை கேட்கும்போது அவன் சொல்லும் காரணம், அது தன்னை ஏளனத்துக்கு உள்ளாக்கிற்று என்பதே. எம் முற்றத்தில் அத்தந்தை ஒவ்வோர் அடிக்கும் சொன்னதும் அதுதான். நாய்க்குட்டியின் கால் அவர் நெஞ்சைத் தொடவில்லை. குருவின் முன் போன மானமே தொட்டது. அந்த மானத்துக்கு மேடை அமைத்துக் கொடுத்தவர் நாமே. பிலயாமை நோக்கித் தூதர் கேட்ட முதற்கேள்வியும், கழுதையை ஏன் மும்முறை அடித்தாய் என்பதுதான். விலங்கின் சார்பில் விண்ணகமே வழக்குரைத்த இடம் அது.

திருச்சபையின் போதனையும் இவ்விரண்டையும் பிரிக்கவில்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்று 2418-ஆம் எண்ணில் உரைக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், நம்மை விலங்கிடம் கொடுமை செய்யத் தூண்டும் அதே இழிநிலை மனித உறவுகளிலும் விரைவில் வெளிப்படும் என்று எச்சரித்தார். அதோடு நிற்காமல், ஒவ்வோர் உயிருக்கும் இறைவன்முன் தனக்கென ஒரு மதிப்பு உண்டு என்றும் அம்மடல் கற்பிக்கிறது. அக்குவினார் விட்ட இடத்தை இது நிறைவு செய்கிறது. கொலோசையருக்கு எழுதப்பட்ட திருமுகமோ, பிள்ளைகள் மனந்தளர்ந்து போகாதபடி அவர்களுக்கு எரிச்சலூட்ட வேண்டாம் என்று தந்தையரை நோக்கியே பேசுகிறது. ஃபிளினின் ஆய்வும் தந்தையரையே சுட்டியது என்பது எண்ணத்தக்கது.

நாம் செய்யத்தக்கது

சட்டம் ஓரளவே துணை செய்யும். 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் முதற்குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. வீட்டின் கதவோ பெரும்பாலும் மூடியே இருக்கிறது. அக்கதவைத் தட்டும் உரிமையை நம் மக்கள் தம் பங்குக் குருவுக்கும் அன்பியத்தாருக்கும் மனமுவந்து கொடுத்திருக்கின்றனர். அதைப் பயன்படுத்தாமல் இருப்பது நம் குற்றமே.

விலங்கை வதைத்த பிள்ளை நம்மிடம் கொண்டுவரப்படும்போது, "ஏன் செய்தாய்?" என்பதற்கு முன் "உனக்கு யாராவது இப்படிச் செய்கிறார்களா?" என்று தனியே, அன்போடு கேட்போம். அன்றே அவன் விடை சொல்லமாட்டான். ஆயினும் கேட்ட ஒருவர் உண்டு என்பது அவனுக்கு நினைவிருக்கும். தந்தைக்கு ஆள் அனுப்புவதற்கு முன் தாயைச் சென்று காண்போம். அடி அளவு மீறியதென்று தெரிந்தால் குழந்தைகளுக்கான 1098 என்னும் உதவி எண்ணை அழைக்கத் தயங்க வேண்டா. மறைக்கல்வி வகுப்பில் இன்னும் பிரம்பு இருக்குமாயின் இந்த ஞாயிறே அதை அகற்றுவோம். செய்த தவற்றுக்கு ஈடாகப் பிள்ளைக்கு அடியைத் தராமல், தான் காயப்படுத்திய உயிரைப் பேணும் பொறுப்பைத் தருவோம்.

இப்பாடத்தை எமக்குக் கற்பித்தவர் இறையியல் படித்தவர் அல்லர், எங்கள் உபதேசியார். அந்தக் குட்டியின் காலுக்கு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டியவர் அவரே. இரண்டு வாரம் கழித்து ஒரு மாலையில் அச்சிறுவன் வந்து தொலைவில் நின்றான். நாம் அறிவுரை கூற எழுந்தோம். உபதேசியார் கண்ணாலேயே எம்மைத் தடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பால் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தார். அவன் அதைக் குட்டியின் அருகில் வைத்துவிட்டு, அது குடித்து முடிக்கும்வரை குந்தியிருந்தான். அதன்பின் பல மாலைகளில் வந்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் குடும்பம் பிழைப்புத் தேடித் திருப்பூருக்குப் போய்விட்டது. அதற்குள் ஒருமுறையேனும் அவ்வீட்டின் படியேறி அவன் தாயைக் கண்டோமா என்றால், இல்லை. நாளை போகலாம் என்றே நாள்களைக் கழித்தோம். குட்டி நொண்டிக்கொண்டே வளர்ந்து, நாம் மாற்றலாகி வரும்வரை மணிக்கூண்டடியில் கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் பலிபீடத்துக்குச் சென்றோம்.

தோபித்து நூலில், பார்வை இழந்த தந்தை ஓர் ஆட்டுக்குட்டியின் பொருட்டுத் தம் மனைவி அன்னாவை ஐயுற்றுக் கடிந்துகொள்கிறார். அவர் மகன் தோபியா நெடுவழி செல்லும்போது இரபேல் தூதர் உடன் போகிறார். ஒரு நாயும் உடன் போகிறது. திரும்பி வரும் மகனே தந்தையின் கண்ணுக்கு மருந்து தடவுகிறான். நம் வீடுகளின் கண்நோய்க்கும் மருந்து நம் பிள்ளைகளிடமே இருக்கலாம். அவர்கள் அதைக் கொண்டு வரும்வரை நம் கையிலுள்ள கோலைக் கீழே வைப்போம்.